மேல் உடல் காயம்

ஹேவர்லியில் ஒருவனுக்கு மரியாதை கிடைக்க வேண்டுமென்றால் அவன் உடம்பில் ஏதாவது ஒன்று உடைந்திருக்க வேண்டும். முன்பல் என்றால் உத்தமம். மூக்கு, தாடை, விலா என்று அடுத்தடுத்த தகுதிகளும் உண்டு. ஊர்க் கூட்டத்தில் யாராவது பேச எழுந்தால் முதலில் வாயைத்தான் பார்ப்பார்கள். முப்பத்திரண்டும் வரிசையாக மின்னினால், பாவம் வேறு மாகாணத்துக்காரன் போலிருக்கிறது என்று காபி ஊற்றிக்கொள்ளப் போய்விடுவார்கள்.

இந்த வகையில் ஓரெஸ்ட் டெம்சுக் ஊரின் பெரிய மனிதர்களில் ஒருவன். வயது இருபத்தொன்பதுதான், ஆனால் முன்பல் மூன்று போயிருந்தது. மூக்கு இரண்டு தடவை திசை மாறி, கடைசியில் கிழக்குப் பார்த்து நின்றுவிட்டது. ஹேவர்லி ஹார்வெஸ்டர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் பதினோரு வருடத் தடுப்பாட்டக்காரன். எதிரணிக்காரன் அடிக்கும் பக்குக்கு முன்னால் போய் விழுவது அவன் தொழில். பக் என்பது உறைய வைத்த ரப்பர் வட்டு, லாரி வேகத்தைவிட அதிக வேகத்தில் வரும். புத்தியுள்ளவன் விலகிக்கொள்வான். விலகாமல் இருப்பதற்குத்தான் ஓரெஸ்டுக்குச் சம்பளம்.

அப்பேர்ப்பட்டவன் மார்ச் மாத நடுவில், பதினாலு மணி நேரப் பஸ் பயணம் முடிந்து வீடு திரும்பி, தன் வீட்டு மாடிப்படியில் ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வரவில்லை. மொத்தப் படிகளே பதினொன்று. மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, அணியின் உடற்பயிற்சியாளருக்குப் போன் செய்தான். அவர் விலாவைச் சுற்றி டேப் ஒட்டச் சொன்னார். அவர் வைத்தியத்தில் எதற்கும் டேப்தான். ஒட்டிப் பார்த்தான். டேப் நன்றாக ஒட்டியது, மூச்சுதான் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனான்.

டாக்டர் அடெயெமி லாகோஸிலிருந்து வந்த அம்மாள். ஊருக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. மாவட்டத்திலேயே ஹாக்கியைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாத ஒரே ஆள் என்பதால் அவரிடம் வைத்தியம் பார்க்கவே சிலருக்குப் பயம்.

"நுரையீரல்ல ரத்தக்கட்டி. ஒண்ணு ரெண்டு இல்ல, பொரி இறைச்ச மாதிரி இருக்கு" என்றார் படத்தைக் காட்டி. "ரெண்டு வருஷம் முன்னாடி கால்ல வந்துச்சே, அதேதான். இப்ப மேல ஏறியிருக்கு."

"எத்தனை வாரம்?"

"என்ன எத்தனை வாரம்?"

"திரும்ப ஆடுறதுக்கு."

"வாரமெல்லாம் இல்ல தம்பி. இனிமே ஆட முடியாது. ஆயுசுக்கும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடணும். அது சாப்பிடும்போது மேல அடிபட்டா உள்ளுக்குள்ள கசிஞ்சுகிட்டே இருக்கும், வெளிய தெரியாது. தலையில பட்டா நான் வந்து பார்க்கிறதுக்குக்கூட வேலை இருக்காது."

ஓரெஸ்ட் இதை மரியாதையோடு யோசித்தான். "முக்கியமான ஆட்டம் மட்டும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்க மேல வந்து விழுற அந்தக் கறுப்பு வட்டுக்கு எது முக்கியமான ஆட்டம்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சரி" என்று சீட்டு எழுத ஆரம்பித்தார். "முகத்துல கத்தி படக்கூடாது. சவரம் பண்ணணும்னா மின்சார மெஷின் வாங்கிக்கோங்க."

கடைசியாகச் சொன்ன இந்த ஒரு வரிதான் ஊரையே புரட்டிப் போடப் போகிறது என்று அவருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

அணியின் மேலாளர் லாய்ட் பிராட்டி பூச்செண்டோடு வந்தார். கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். கண்கூடக் கலங்கியது. அப்புறம் பையிலிருந்து தாளை எடுத்து எழுதினார்: 'ஓரெஸ்ட் டெம்சுக். மேல் உடல் காயம். நிலைமை அன்றாடம் கவனிக்கப்படும்.'

மனித உடம்புக்கு வரக்கூடியவை மொத்தம் இரண்டே நோய்கள் என்பது ஹாக்கி அணிகளின் மருத்துவம். இடுப்புக்கு மேலே என்றால் மேல் உடல் காயம், இடுப்புக்குக் கீழே என்றால் கீழ் உடல் காயம். உண்மையைச் சொன்னால் எதிரணிக்காரன் அதே இடத்தில் மட்டையால் தட்டுவான் என்பதற்காக வந்த வழக்கம் இது. இரண்டு வருடத்துக்கு முன் காலில் கட்டி வந்தபோது ஓரெஸ்டுக்குக் கீழ் உடல் காயம். இப்போது பதவி உயர்வு.

"லாய்ட், இது காயமே இல்ல. நோய். நான் ஓய்வு பெறுறேன்னு எழுதுங்க."

"எழுதலாம். கண்டிப்பா எழுதலாம். பிளேஆஃப் முடியட்டும்."

"அன்றாடம் என்னத்தைக் கவனிக்கப் போறீங்க?"

"உன்னைத்தான். தினம் போன் பண்றேன்" என்றார் லாய்ட். சொன்னபடியே செய்தார். தினமும் காலையில் போன் செய்து, "எப்படி இருக்கே?" என்பார். "அப்படியேதான்." "நல்லது, நல்லது." பத்திரிகைக்குச் செய்தி போய்விடும்: முன்னேற்றம் தெரிகிறது.

ஊர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, அப்பா நம்ப வேண்டும். ஓரெஸ்டுக்கு இருந்த கவலையெல்லாம் அது ஒன்றுதான். அவன் அப்பா வாசில் டெம்சுக்குக்கு ஊருக்கு வெளியே கோதுமை நிலமும் முப்பது மாடுகளும். 1983-ல் ஊர் அணிக்காக ஆடும்போது இரண்டாவது பீரியடில் தாடை உடைந்து, அதைக் கைக்குட்டையால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கடைசியான மூன்றாவது பீரியடும் ஆடியவர். அந்தக் கைக்குட்டை இன்னமும் சமையலறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. கல்யாணப் போட்டோ அலமாரிக்குள் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஓரெஸ்ட் பண்ணைக்குப் போனான். அம்மா எட்மண்டனில் அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அப்பா கொட்டகையில் தீவனப் புல்கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்து மோந்து, பூஞ்சை பூத்த கட்டுகளைத் தூரத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் இனிமே ஆட மாட்டேன்."

"எது ஒடைஞ்சுது?"

"ஒண்ணும் ஒடையல. நோய்."

வாசில் அடுத்த கட்டை மோந்தார். "ஜுரமா?"

"நுரையீரல்ல ரத்தம் கட்டியிருக்கு. மூச்சு வாங்குது."

"மூச்சு வாங்குதுன்னா என்ன. எல்லாருக்கும்தான் வாங்குது. வாங்கிட்டு ஆட வேண்டியதுதானே."

"மாத்திரை சாப்பிடுறேன்பா. அடி படக்கூடாது."

"அடி படாம எப்படிடா தடுப்பாட்டம் ஆடுறது?"

"அதான் ஆடலங்கிறேன்."

வாசில் மகனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஆறடி மூன்றங்குலம். கட்டு இல்லை, தையல் இல்லை, நொண்டல் இல்லை. கன்னத்தில் நல்ல நிறம். திட்டியிருந்தால்கூட ஓரெஸ்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "சரி, சாப்பிட்டுப் போ" என்று முட்டைக்கோஸ் உருண்டைகளைச் சுட வைத்துக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார். ஹாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அப்பாவும் மகனும் இருபத்தைந்து வருடமாக வேறெதையும் பேசிப் பழகாததால், மழை நின்றதும் பேச்சும் நின்றுவிட்டது.

ஓரெஸ்ட் வீட்டோடு கிடந்தான். படி ஏறினால் இளைத்தது, அதனால் கீழேயே சோபாவில் படுத்துக்கொண்டான். மெஷின் வாங்க ஊருக்குள் போகச் சோம்பல். பழைய கத்தியைத் தொடப் பயம். மார்ச் கடைசியில் தாடி நன்றாக இறங்கியிருந்தது. பாலும் ரொட்டியும் தீர்ந்துபோக, ஒரு சனிக்கிழமை கடைக்குக் கிளம்பினான். கோப்பைக்கான கடைசிக் கட்டத் தொடர்களான பிளேஆஃப் தொடங்கி அன்று இரண்டாவது நாள்.

பிளேஆஃபில் தோற்று வெளியேறும்வரை ஆட்டக்காரன் சவரம் செய்வதில்லை. இது சட்டமில்லை, சட்டமாக இருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவனுக்குத் தாடி கிடையாது. அது களத்தில் நிற்பவனுக்கு உள்ளது. எனவே பால் அலமாரி முன் நின்ற ஓரெஸ்டின் முகத்தைக் கண்டதும் ஊருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது.

காசாளர்ப் பெண் பாலைப் பைக்குள் வைத்தபடி, தலையைத் தூக்காமல் கேட்டாள். "எப்ப?"

"என்ன எப்ப?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், டெம்மி."

"டாக்டர் கத்தி வைக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதான் தாடி."

"ஆமா ஆமா. டாக்டர்" என்று கண்ணடித்தாள். அவன் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சேருமுன் அவள் யார்கிட்டயும் சொல்லாமல் இருந்தது முடிந்துவிட்டது.

ஒளித்து வைக்கிறான் என்பதே ஊரின் முடிவு. மேல் உடல் காயம், அன்றாடம் கவனிப்பு, இப்போது தாடி. மூன்றையும் கூட்டிப் பார்த்து, சரியான தருணத்துக்காக அணி அவனைப் பதுக்கி வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். எதிரணியும் அதையே கண்டுபிடித்தது. டெம்சுக் எந்த ஆட்டத்தில் இறங்குவானோ என்று அவர்கள் தயங்கித் தயங்கி ஆடியதில், ஹார்வெஸ்டர்ஸ் ஏழு ஆட்டம் கொண்ட முதல் தொடரை நாலு ஆட்டத்திலேயே முடித்தது. ஓரெஸ்ட் தன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த தடுப்பாட்டத்தைச் சோபாவில் படுத்தபடி ஆடிக்கொண்டிருந்தான்.

அப்பா போன் செய்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவை.

"தாடி விட்டிருக்கியாமே."

"அப்பா, அது வந்து..."

"போன்ல வேண்டாம். வயர்ல கேட்பாங்க." குரலில் பழைய சூடு. "நானும் விட்டிருக்கேன். ஒரே அரிப்பு. ஆமா, அந்த ரெண்டாவது கோல் பார்த்தியா? நம்ம இடது பக்கம் வாசல் திறந்து வெச்ச மாதிரி கிடக்கு. நீ இருந்திருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றான் ஓரெஸ்ட். நாற்பது நிமிடம் பேசினார்கள். வைத்த பிறகுதான், தான் ஒரு பொய்யை முகத்திலேயே வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. ஆனாலும் மறுநாள் காலை போன் மணிக்காகக் காத்திருந்தான்.

இரண்டாவது தொடரும் ஜெயித்தது. இப்போது ஊரில் தாடியில்லாத ஆண் கிடையாது. பாதிரியார், வங்கி மேலாளர், தபால்காரர் எல்லோரும் வளர்த்துவிட்டார்கள். பெண்கள் கம்பளித் தாடி பின்னி மாட்டிக்கொண்டார்கள். வெர்னா டிக்கின் முடிதிருத்தும் கடையில் மட்டும் ஈ ஓட்டினாள் வெர்னா. அணி தோற்க வேண்டும் என்று பிரார்த்தனை செய்த ஒரே ஜீவன் அவள்தான். அதையும் வாய்விட்டுச் செய்ய முடியவில்லை.

ஒரு நாள் மனம் கேட்காமல் ஓரெஸ்ட் ஒரு சவர மெஷின் வாங்கி வந்துவிட்டான். கடைக்காரர் பில் போடும் முன்பே லாய்டுக்குச் சொல்லியிருந்தார். அரை மணியில் லாய்டும், கோல்காப்பாளன் ஆண்டர்ஸ் லுண்டும் வாசலில் நின்றார்கள். லுண்ட் எல்லா ஆட்டத்தன்றும் ஏழு பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிடுபவன். ஒரு தடவை எட்டாவதைத் தெரியாமல் விழுங்கிவிட்டு, வாந்தி எடுத்த பிறகே களமிறங்கினான்.

"அதைக் கொடுத்துடு, டெம்மி" என்றான் லுண்ட்.

"டேய், நான் ஆடவே போறதில்லைடா. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் என் தாடி இருந்தா என்ன, போனா என்ன?"

"எட்டு ஆட்டம் ஜெயிச்சிருக்கோம். எதனால ஜெயிக்கிறோம்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதப்போ எதையும் மாத்தக் கூடாது" என்று கையை நீட்டினான். லாய்ட் தரையைப் பார்த்தார். மெஷின் உடற்பயிற்சியாளரின் அலமாரிக்குள், டேப்புகளுக்குப் பக்கத்தில், பூட்டி வைக்கப்பட்டது.

இறுதித் தொடர் ஃபோர்ட் லாம்பர்ட் அணியோடு. ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து, மே நடுவில் ஏழாவது ஆட்டம் ஹேவர்லியில் என்று முடிவானது. அதற்கு முந்தின நாள் லாய்ட் வழக்கமான போனை நேரிலேயே செய்தார்.

"உன் பேரை ஆட்டக்காரர் பட்டியல்ல போடப் போறேன்."

ஓரெஸ்ட் சோபாவிலிருந்து எழுந்தான்.

"ஆட வேண்டாம்" என்றார் அவசரமாக. "சீருடை போட்டு பெஞ்சில உட்காரு. அவ்வளவுதான். நீ உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தாலே அவனுங்களுக்குக் கால் ஒதறும். உட்கார்றதுல என்ன இருக்கு? இங்கயும் உட்கார்ந்துதானே இருக்கே."

"சோபாவுக்குப் பக் வராது, லாய்ட்."

"பெஞ்சுக்கும் எப்பவாவதுதான் வரும்."

ஓரெஸ்ட் முடியாது என்று சொல்லியிருப்பான். அதற்குள் போன் அடித்தது. அப்பா. "பேர் வருதாமே" என்றார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தாடை உடைந்தபோதும் அழாத மனிதர். ஓரெஸ்ட் லாய்டைப் பார்த்துத் தலையாட்டினான்.

ஆட்டத்தன்று காலை ஒன்பது மணிக்கு உடைமாற்றும் அறைக்குப் போனான். ஏழு வாரமாகத் துவைக்காத உடைகள், தோல், டேப், வியர்வை எல்லாம் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கண் நிறைந்துவிட்டது. தோள் கவசம் மாட்டினான். எல்லோரும் தலையில் தட்டினார்கள். உட்கார்வதுதானே என்று தனக்கே சொல்லிக்கொண்டு குனிந்து, புதிதாகச் சாணை பிடித்த ஸ்கேட் காலணியை எடுத்தான். இடது சுட்டுவிரல் பிளேடில் லேசாக உரசியது.

சின்னக் கீறல். இதற்கு முன்னால் இப்படி ஆயிரம் பட்டிருக்கிறது, சட்டையில் துடைத்துக்கொண்டு போயிருக்கிறான். இது நிற்கவில்லை. துண்டைச் சுற்றினான், துண்டு சிவந்தது. இன்னொன்று சுற்றினான். உடற்பயிற்சியாளர் ஓடிவந்து டேப் ஒட்டினார், டேப்புக்கடியில் ஊறி வழிந்தது. தரையில் சொட்டச் சொட்ட, அறை முழுவதும் எழுந்து நின்றது. ஓரெஸ்ட் தலை நிமிர்ந்து பார்த்தான். ஒருத்தன் முகத்திலும் பயம் இல்லை. எல்லோர் முகத்திலும் பக்தி.

"ரத்தம் வருது, இருந்தும் ஆடுறான் பாரு" என்றான் லுண்ட்.

"நல்ல சகுனம்" என்றார் லாய்ட்.

அந்த நொடியில் ஓரெஸ்டுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு ஒரு பக் வந்து தலையில் பட்டு அவன் பெஞ்சிலேயே சாய்ந்தால், இவர்கள் மட்டையைத் தரையில் தட்டி மரியாதை செய்வார்கள். அவன் உடுப்பை அரங்கத்தின் உத்திரத்தில் நினைவாகத் தொங்க விடுவார்கள். லாய்ட் பையிலிருந்து தாளை எடுப்பார்: 'முழு உடல் காயம். நிலைமை அன்றாடம் கவனிக்கப்படும்.'

கவசத்தைக் கழற்றினான். மூன்றாவது துண்டை விரலில் சுற்றிக்கொண்டு, "காபி குடிச்சிட்டு வர்றேன்" என்று வெளியே நடந்தான்.

வெர்னா சுழல் நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கதவு மணி அடித்ததும் துள்ளி எழுந்தாள். வந்தது யார் என்று பார்த்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

"முடியாது."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"உன் மூஞ்சியே கேக்குது. டெம்மி, நான் இந்த ஊர்லதான் காலம் தள்ளணும். என் கடைக்குக் கண்ணாடி ஜன்னல் வேற."

"ஏழு வாரமா எத்தனை பேர் வந்தாங்க?"

வெர்னா கணக்கிட்டாள். "ஒரு நாய்." போர்த்தும் துணியை எடுத்து உதறினாள். "கத்தியா, மெஷினா?"

"மெஷின். கத்தி கிட்டவே வரக்கூடாது."

முதல் கொத்து தரையில் விழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே மூன்று பேர் நின்றார்கள். இரண்டாவது கன்னத்துக்கு வரும்போது முப்பது பேர். யாரும் கத்தவில்லை. பாதிரியார் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். கம்பளித் தாடி மாட்டியிருந்த ஒரு பாட்டியம்மாள் கண்ணாடியில் நெற்றியை முட்டி, "ஏம்ப்பா, ஏம்ப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசில் உள்ளே வந்தார். 1983-ம் வருட ஜெர்சி, வயிற்றுக்கு மேலேயே நின்றுவிட்டது. பாதி தாடியோடு உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்து நின்றார். வெர்னா மெஷினை அணைத்தாள்.

"பயந்துட்டியா?" என்றார்.

"ஆமாப்பா."

வாசில் அதற்குத் தயாராக வந்திருக்கவில்லை. அப்போதுதான் நாற்காலிக் கைப்பிடியிலிருந்து தரைக்குச் சொட்டுவது கண்ணில் பட்டது.

"என்னடா அது?"

"விரல். ஸ்கேட் கீறிடுச்சு."

"எப்ப?"

"ஒன்பதரைக்கு."

சுவர்க் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. வாசில் குனிந்து, துண்டைப் பிரித்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்து நீளம்கூட இல்லாத கீறல். கட்டைவிரலால் அழுத்தினார், எடுத்தார், மறுபடி ஊறியது. அதை நெடுநேரம் பார்த்தார். கண்ணால் மட்டும் பார்க்கவில்லை, குனிந்து மோந்துகூடப் பார்த்தார்.

"டேய். இது கிளோவர்டா."

"என்னது?"

"பூஞ்சை பிடிச்ச கிளோவர் புல்லைத் தின்ன மாட்டுக்கு இப்படித்தான் ஆகும். ரத்தம் ஒறையாது. வெளிய பார்த்தா கல்லு மாதிரி நிக்கும். கொம்பு வெட்டினா அன்னிக்கே செத்துரும். எழுபத்தொம்பதுல உங்க தாத்தா ஒன்பது மாட்டை அப்படித்தான் இழந்தார். மாத்திரை மாத்திரைன்னியே, இதைத்தான் பண்ணுதா?"

"டாக்டர் அப்படித்தான் சொன்னாங்க. அடிபட்டா நிக்காதுன்னு."

"ஏண்டா என்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"கொட்டகையில வந்து சொன்னேனேப்பா."

"நீ நோய்னு சொன்ன. கிளோவர்னு சொல்லல." அவர் முகம் வெளுத்திருந்தது. "அந்த மாட்டைப் பக்கத்துத் தொழுவத்துக்குக்கூட ஓட்ட மாட்டோம்டா, வழியில முட்டிக்குமோன்னு. உன்னைப் போய் பெஞ்சில உட்கார வைக்கப் பார்த்தானா அந்த லாய்ட்?"

"நீங்களும்தான்."

"நானும்தான்" என்றார் வாசில். அப்புறம் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கழுத்தை நீட்டினார். "வெர்னா, இவனை முடிச்சிட்டு எனக்கும் எடு. எனக்குக் கத்தியே போதும்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ அழ ஆரம்பித்தார்கள்.

ஹார்வெஸ்டர்ஸ் அன்றைக்கு மூன்றுக்கு இரண்டு என்று கூடுதல் நேரத்தில் தோற்றது. வெற்றி கோல் இடது பக்கமாகத்தான் போனது. மறுநாள் வானொலியில் நேயர்கள் பேசினார்கள். நாற்பத்தோரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் தாடியைப் பற்றி, இரண்டு பேர் நடுவரைப் பற்றி, ஒருவர் மட்டும் தன் தெருவில் இருக்கும் பள்ளத்தைப் பற்றி. ஓரெஸ்டும் போன் செய்தான். நுரையீரல், மாத்திரை, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் முதல்முறையாக முழுசாகச் சொன்னான். அறிவிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப வருத்தமா இருக்கு, டெம்மி. இருந்தாலும், ஏழாவது ஆட்டத்தன்னிக்கேவா?" லாய்டின் அறிக்கை அந்த வாரக் கடைசியில் வந்தது: மேல் உடல் காயம் காரணமாக ஓரெஸ்ட் டெம்சுக் ஓய்வு பெறுகிறார்.

வெர்னாவின் கடையில் மட்டும் பத்து நாள் வரிசை நின்றது. யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முகத்தை மட்டும் கொடுத்தார்கள்.

மே கடைசியில் ஓரெஸ்ட் அப்பாவோடு வேலி கட்டப் போனான். படி ஏற இப்போது அவ்வளவு இளைப்பதில்லை. பக்கத்து நிலத்துக்காரர் எட்வின் கிராஸ்லி கம்பிச் சுருளோடு லாரியிலிருந்து இறங்கினார். ஓரெஸ்டைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. தாடி எடுத்தவனுக்குக் கையை நீட்டலாமா வேண்டாமா என்று கை பாதியில் நின்றது.

"இவனுக்குக் கிளோவர்" என்றார் வாசில்.

எட்வினின் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றினார். "கடவுளே. எத்தனை நாளா?"

"மார்ச்லேர்ந்து."

எட்வின் விடுவிடுவென்று வந்து, ஓரெஸ்டின் கையிலிருந்த முள்கம்பியை மெதுவாகப் பிடுங்கிக்கொண்டார். "நீ இதைத் தொடாதப்பா. அங்க போய் உட்காரு. கட்டை மட்டும் பிடிச்சுக்கோ, அதுவும் தூரமா." தன் தோல் கையுறைகளைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். பதினோரு வருடத்தில் அவன் பல்லுக்காகவும் மூக்குக்காகவும் வாங்கிய மரியாதையில் எதிலும் இந்த அக்கறை இருந்ததில்லை. ஓரெஸ்ட் கையுறையை மாட்டிக்கொண்டு கட்டையைப் பிடித்தான்.

மூன்று கட்டை முடியும்வரை எட்வின் அடக்கிக்கொண்டார்.

"எல்லாம் சரிதான், டெம்மி" என்றார் ஆணியை அடித்தபடி, யாரையும் பார்க்காமல். "தாடியை மறுநாள் காலையில எடுத்திருக்கலாமே?"

வாசில் சுத்தியலை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குள்ளும் ஒரு ஓரத்தில் இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கட்டை சாயுது, நேரா அடிங்க" என்றான் ஓரெஸ்ட்.